கையெழுத்துக்கு முன் ஒருமுறை படியுங்கள்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி, அண்மையில் மேலாளர், மேற்பார்வையாளர் பொறுப்பேற்ற இளம் உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நம் செயலாளர் இரண்டு மாதத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டு, “நம்ம பிள்ளைகள் பல பேர் இப்போ மேலாளர் ஆகியிருக்காங்க. ஆபீஸ்ல எல்லாரும் ஏஐ, ஏஐன்னு சொல்றாங்க, எங்கேருந்து தொடங்குறதுன்னு தெரியலங்கறாங்க. நீங்க வந்து பேசுங்க” என்றார். நான் தயங்கினேன். நான் கணினி படித்தவன் இல்லை. ஜூரோங் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் 26 ஆண்டுகளாக வேலை செய்கிறவன். மேலாளர் பதவியே எனக்கு 2023-இல்தான் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில்தான் இந்தப் புதுக் கருவியும் என் மேசைக்கு வந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டேன். இரண்டிலும் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றத்தை ஒளிக்காமல் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் உதவும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

முதலில் இந்தச் சங்கத்தில் நடந்த ஒரு பழைய கதை.

எனக்கு எட்டு வயதிருக்கும். என் அத்தா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். ஊரில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கத்துக்கு ஒரு பெரியவர் வருவார். எல்லாரும் அவரை வாத்தியார் என்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதித் தருவார். முத்து முத்தான கையெழுத்து. “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கினால் பேனா நிற்காமல் ஓடும். அத்தா நாலு வார்த்தை சொன்னால் அவர் நாற்பது வரி எழுதிவிடுவார்.

எழுதி முடித்ததும் அத்தா உடனே கையெழுத்துப் போட மாட்டார். “வாத்தியாரே, ஒருமுறை படிச்சுக் காட்டுங்க” என்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அத்தா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். ஒருநாள் வாத்தியார் படிக்கும்போது, “நோன்புப் பெருநாளுக்கு அவசியம் ஊருக்கு வருகிறேன்” என்று ஒரு வரி வந்தது. அத்தா அப்படிச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு வாத்தியார், “எல்லாரும் அப்படித்தாம்ப்பா எழுதச் சொல்றாங்க. உனக்கும் அதேதான்னு நெனச்சிட்டேன்” என்றார். அத்தா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. “எங்கம்மா அதை நம்பி வாசலைப் பாத்துக்கிட்டே இருக்குமே, வாத்தியாரே. அதை அடிச்சிடுங்க.”

வாத்தியார் பொய் எழுதவில்லை. நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதிய பழக்கத்தில், இந்த இடத்தில் வழக்கமாக எந்த வரி வருமோ அந்த வரியை எழுதிவிட்டார். அழகாகவும் எழுதிவிட்டார். ஆனால் அது என் அத்தாவின் கடிதமாக இல்லை.

தம்பி தங்கைகளே, ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு என்று இன்று சொல்கிறோமே, அதைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்தது. பிறகு ஜெமினி, கோபைலட், கிளாட் என்று பல வந்துவிட்டன. அடிப்படையில் இவை செய்வது ஒன்றுதான். மலையளவு எழுத்துகளைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து, சொல் சொல்லாகக் கோத்துக்கொண்டே போகின்றன. நீங்கள் தந்த தகவல் போதவில்லை என்றால் பெரும்பாலும் நின்று கேட்காது. அந்த இடத்தில் வழக்கமாக எது வருமோ அதைப் போட்டு நிரப்பிவிடும். நம் வாத்தியாரைப்போல.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர். மேலாளராக எனக்கு முதல் ஆண்டிறுதி மதிப்பீடு. என் கீழே 11 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எனக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத நடுக்கம். ஒரு நண்பர் இலவச ஏஐ சேவை ஒன்றைக் காட்டினார். ஒருவருக்கு நாலு குறிப்பு வீதம் கொடுத்தேன். ஒரே மாலையில் 11 மதிப்பீடும் தயார். படித்துப் பார்த்தால் பெரிய நிறுவனத்தின் மனிதவளத் துறை எழுதியதுபோல் இருந்தது. நெஞ்சு நிமிர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அப்போது அவருக்கு 58 வயது. எல்லாரும் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மறுநாள் அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தார். சண்டை போடவில்லை. தாளை மேசைமேல் வைத்து, “இனி புக்கான் சாயா, பாஸ்” என்றார். இது நானில்லை என்று அர்த்தம்.

எடுத்துப் படித்தேன். “குழுக் கூட்டங்களில் ஆர்வத்தோடு கருத்துரைத்துத் தலைமைப் பண்பை வெளிப்படுத்துகிறார்” என்று இருந்தது. பாக்சிக் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். நான் கொடுத்த குறிப்பு இவ்வளவுதான்: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், நேரம் தவறாதவர், விபத்து எதுவும் இல்லை, அனுபவசாலி. மீதியை அது நிரப்பிவிட்டது.

நிரப்பியதைவிட, விடுபட்டதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்தின இரவு எங்கள் குளிர்பதன அறை ஒன்று பழுதானது. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாக்சிக் வீட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்த இரவு. அவர் போகவில்லை. விடிகாலை மூன்று மணிவரை உறைந்த சரக்கையெல்லாம் வேறு அறைக்கு மாற்றிவிட்டுத்தான் போனார். அன்று நானும் கூட இருந்தேன். கண்ணால் பார்த்தவன் நான். அந்த இரவைப் பற்றி என் கையெழுத்துள்ள தாளில் ஒரு வரிகூட இல்லை. ஏனென்றால் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாத ஒன்று இயந்திரத்துக்குத் தெரிய வழியில்லை.

அன்று மாலையே அந்த மதிப்பீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு என் ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினேன். இலக்கணம் சரியாக இருந்திருக்காது. பாக்சிக் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்ற பத்துப் பேருடையதையும் திரும்ப வாங்கி எழுதினேன். மூன்று இரவு ஆனது.

அதற்குப் பிறகு நான் இந்தக் கருவியை விட்டுவிட்டேனா? இல்லை. இன்று தினமும் பயன்படுத்துகிறேன். எதற்கு, எப்படி என்பதைத்தான் மாற்றிக்கொண்டேன்.

இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2023-இல் ஹார்வர்ட் முதலிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் நிறுவனத்தின் 758 ஆலோசகர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கருவிக்குப் பொருத்தமான வேலைகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக 12.2 விழுக்காடு கூடுதல் வேலைகளை, 25.1 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். தரமும் உயர்ந்தது. ஆனால் கருவியின் திறனுக்கு அப்பாற்பட்டது என்று ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த ஒரு வேலையில், ஏஐ பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வருவது 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்துபோனது. பெரிய படிப்புப் படித்தவர்களே கருவியின் சரளமான பேச்சை நம்பித் தவறினார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்?

ஆகவே புது மேலாளருக்கு முதல் பாடம்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையில் தொடங்குங்கள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே இது என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாத விஷயத்தில் அது தவறினால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த விஷயத்தில் தவறினால் பட்டென்று கண்ணில் படும். அப்படிப் பத்து முறை பிடித்த பிறகுதான் அது எங்கே தடுமாறும் என்று உங்களுக்குப் பிடிபடும்.

ஒரு மாதத் திட்டம் ஒன்று சொல்கிறேன். தினமும் 15 நிமிடம் போதும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் எந்தச் சேவையைப் பயன்படுத்த அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் விதிமுறை இருந்தால் வாங்கிப் படியுங்கள்.

முதல் வாரம், உங்கள் சொந்த எழுத்து வேலை. காலைக் கூட்டக் குறிப்பு, வேலைநேர மாற்றத்தின்போது ஒப்படைக்கும் குறிப்பு, நீளமான மின்னஞ்சல் போன்றவை. “இதைச் சுருக்கு” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள். நான் இப்படி எழுதுவேன்: “நான் ஒரு கிடங்கு மேலாளர். கீழே இருப்பது இன்று காலைக் கூட்டத்தில் நான் எழுதிய குறிப்பு. யார், எதை, எப்போது முடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கொடு. குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்காதே. தெளிவில்லாத இடத்தில் தெளிவில்லை என்று எழுது.” ஆட்களின் பெயருக்குப் பதில் அ, ஆ, இ என்று போட்டுவிடுவேன். வந்த பட்டியலை மூலக் குறிப்போடு வரி வரியாக ஒப்பிடுவேன். சேர்க்காதே என்று சொல்லியும் சில நேரம் சேர்த்திருக்கும். அதனால்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் வாரம், கடினமான பேச்சுக்கு ஒத்திகை. புது மேலாளருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது கணக்கோ அறிக்கையோ இல்லை. தன்னைவிட மூத்தவரிடம் குறையைச் சொல்வதுதான். எங்கள் இடத்தில் 27 வயதுத் தங்கை ஒருவர் மேற்பார்வையாளர் ஆனார். அவர் கீழே வேலை செய்யும் ஒருவருக்கு அவருடைய தகப்பனார் வயது. அந்தப் பெரியவர் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தார். எப்படிப் பேசுவது என்று இந்தப் பெண்ணுக்குக் கைகால் நடுங்கியது. ஏஐயிடம், “நீ அனுபவமுள்ள, மனம் புண்பட்டிருக்கும் ஒரு மூத்த ஊழியராக நடி. நான் பேசுகிறேன், நீ பதில் சொல். முடிந்ததும் நான் எங்கே கடுமையாகப் பேசினேன் என்று சொல்” என்று கேட்கச் சொன்னேன். பெயர், விவரம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

நாலு முறை பேசிப் பார்த்தார். முதல் முறை, “நீங்கள் ஏன் தினமும் தாமதம்?” என்று தொடங்கினார். நாலாவது முறை, “காலையில் வீட்டில் ஏதும் சிரமமா, அங்கிள்?” என்று தொடங்கினார். மறுநாள் நேரிலும் அப்படித்தான் கேட்டார். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மனைவிக்கு வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்பு என்றும், கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகவும் சொன்னார். அந்த மூன்று நாளும் வேலைநேரத்தை மாற்றிக் கொடுத்தோம். பிரச்சினை தீர்ந்தது. கவனியுங்கள், அந்தக் காரணம் எந்த ஒத்திகையிலும் வரவில்லை. எப்படிக் கேட்பது என்று பழகத்தான் ஏஐ உதவியது. பதில் அந்த மனிதரிடமிருந்து வந்தது.

மூன்றாம் வாரம், ஆவணங்களைப் படிப்பது. 60 பக்கப் பாதுகாப்புக் கையேட்டில் ஒரு விதியைத் தேட வேண்டியிருக்கிறது. கையேட்டைப் பதிவேற்ற அனுமதி உண்டு என்றால், “இந்த ஆவணத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பதில் சொல். எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று குறிப்பிடு. இதில் இல்லையென்றால் இல்லை என்று சொல்” என்று கேளுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பி நீங்களே படியுங்கள். எக்செல் சூத்திரம் தெரியவில்லையா? கேட்டு எழுதி வாங்குங்கள். ஆனால் விடை தெரிந்த பழைய மாதக் கணக்கில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் இந்த மாதக் கணக்கில் போட வேண்டும்.

சரிபார்ப்பது என்றால் அதனிடமே “இது சரியா?” என்று கேட்பது இல்லை. நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. அவர்களில் ஒருவர் முன்னதாக அதனிடமே, இந்த வழக்கு உண்மையானதா என்று கேட்டிருந்தார். ஆமாம் என்று அது பதில் சொல்லியிருந்தது. 2023 ஜூனில் நீதிபதி 5,000 அமெரிக்க வெள்ளி அபராதம் விதித்தார். கடிதம் எழுதியவரையே சாட்சிக்குக் கூப்பிட்டால் வேறென்ன சொல்வார்?

நாலாவது வாரம் உங்கள் குழு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் தொடங்குவதற்கு முன்பே உங்கள் குழுவில் இரண்டு மூன்று பேர் கைத்தொலைபேசியில் ஏஐ பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சோம்பேறி என்று நினைத்துவிடுவாரோ, வேலையைக் குறைத்துவிடுவாரோ என்று பயம். மேலாளர் அந்தப் பயத்தைப் போக்க வேண்டும். நான் எங்கள் குழுவை உட்கார வைத்து, பாக்சிக் சம்பந்தப்பட்ட என் தவற்றை, அவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் சொன்னேன். பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள். ஒரு தம்பி, வாடிக்கையாளருக்கு எழுதும் பதில்களை ஆறு மாதமாக அதில்தான் எழுதுவதாகச் சொன்னார். எந்த வாடிக்கையாளர், என்ன புகார், என்ன விலை, எல்லாம் அதில் போயிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் கோபப்பட எனக்கு முகம் இல்லை. 11 பேரின் பெயரையும் பணியாளர் எண்ணையும் நானே அதில் போட்டவன்தானே.

நம் வீடுகளில் அமானிதம் என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒருவர் நம்பிக் கொடுத்ததைக் காத்துத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அது. ஊழியரின் அடையாள அட்டை எண், சம்பளம், மருத்துவ விடுப்பின் காரணம், வாடிக்கையாளரின் முகவரி, விலைப்பட்டியல் இவையெல்லாம் மேலாளரிடம் உள்ள அமானிதம். சிங்கப்பூரில் 2012-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பல இலவசச் சேவைகளில் நாம் எழுதுவது அந்த மென்பொருளை மேம்படுத்தப் பயன்படக்கூடும். 2023-இல் சாம்சுங் நிறுவனத்தில் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் போட்டுவிட்டது தெரியவந்து, அந்த ஆண்டு மே மாதம் இத்தகைய கருவிகளுக்கு அந்நிறுவனம் தடை விதித்தது. ஆகவே எங்கள் குழுவில் ஒரு எளிய விதி வைத்தோம். எந்தத் தகவலை நீங்கள் உணவங்காடி நிலையத்தில் உரக்கப் பேசத் தயங்குவீர்களோ, அதை ஏஐயில் போடாதீர்கள்.

இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன். 2023-இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஏஐ உதவி கிடைத்தபோது, ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் பிரச்சினைகள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. புதியவர்களுக்கும் அனுபவம் குறைந்தவர்களுக்கும் அது 34 விழுக்காடு. பழுத்த அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றமில்லை. காரணம் என்னவாக இருக்கும் என்று ஆய்வாளர்களே ஒரு விளக்கம் தருகிறார்கள். திறமையான ஊழியர்கள் எப்படிப் பேசிப் பிரச்சினையைத் தீர்க்கிறார்கள் என்பதைப் பழைய உரையாடல்களிலிருந்து கருவி பிடித்துக்கொண்டு, அதைப் புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது.

இதை முதலில் படித்தபோது எனக்குப் பாக்சிக் நினைவுதான் வந்தது. அந்த ஊழியர்களின் அனுபவம் எழுத்தில் இருந்தது. பாக்சிக்கின் அனுபவம் எங்கே எழுதியிருக்கிறது? குளிர்பதன அறை பழுதாவதற்கு முன் மோட்டார் சத்தம் எப்படி மாறும், மழை நாளில் எந்தச் சரிவில் வண்டி வழுக்கும், இதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வுபெற்றால் அதுவும் போய்விடும். எந்த ஏஐயும் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே ஒரு மாதம், வாரம் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்தோம். அவர் மலாயில் பேசினார், ஒரு தம்பி எழுதினார். குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, ஆங்கிலத்தில் மாற்ற ஏஐயைப் பயன்படுத்தினோம். பிறகு அந்தத் தம்பி ஒவ்வொரு வரியையும் பாக்சிக்கிடம் திரும்ப மலாயில் சொல்லிக் காட்டினார். மூன்று இடத்தில் அவர் தலையாட்டினார், தப்பு என்று. திருத்தினோம். இன்று புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் கொடுப்பது அந்தக் கையேட்டைத்தான். முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களை மேற்பார்வை செய்கிறோம். அறிவிப்புகளைத் தமிழில் மாற்ற ஏஐயைப் பயன்படுத்த ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் இயந்திரம் மொழிபெயர்த்த ஓர் அறிவிப்பில், தீயணைப்பு ஒத்திகை என்று வரவேண்டிய இடத்தில் “தீத் துளையிடுதல்” என்று இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சிரிப்பாக இருக்கிறது. பாதுகாப்பு அறிவிப்பில் அது சிரிப்புக்குரியது இல்லை. ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய ‘சீ-லயன்’ என்ற மொழி மாதிரி, தமிழ் உள்ளிட்ட வட்டார மொழிகளுக்காகவே செய்யப்பட்டது. இத்தகைய முயற்சிகளால் நிலைமை மேம்பட்டு வருகிறது. இருந்தாலும், ஒட்டுவதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். வீட்டில் தமிழைக் காத்துவைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது அலுவலகத்திலும் ஒரு தகுதிதான்.

படிக்க வசதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளி தொடக்க நிதி இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்காகக் கூடுதலாக 4,000 வெள்ளி கொடுக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இது உங்களுக்கு! ஆனால் வகுப்பில் சேர்வதற்கு முன் இந்த நாலு வாரத்தைச் செய்து பாருங்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போய் உட்கார்ந்தால் வகுப்பு பயன்படும்.

கடைசியாக, பொறுப்பு. கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில், கேள்விகளுக்குப் பதில் சொல்லும் உரையாடல் மென்பொருள் ஒன்று இருந்தது. பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் வாங்கப் போன ஒருவருக்கு, கட்டணச் சலுகைக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று அது தவறான தகவல் கொடுத்தது. நிறுவனம் பணம் தர மறுத்தது. அந்த மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற வகையில் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் இணையத்தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, ஏறக்குறைய 812 கனடிய வெள்ளி கொடுக்க உத்தரவிட்டது. தொகை சிறியது. ஆனால் “நான் சொல்லவில்லை, மெஷின் சொன்னது” என்ற பேச்சு எடுபடாது என்று ஆகிவிட்டது.

உங்கள் மேலதிகாரியிடமும் அது எடுபடாது. உங்கள் கீழே வேலை செய்பவரிடம் அறவே எடுபடாது. அவருடைய சம்பள உயர்வும் மரியாதையும் உங்கள் ஒரு பக்கத் தாளில் இருக்கின்றன. ஒருவரை எடைபோடுவது, கண்டிப்பது, பாராட்டுவது, வேலையை விட்டு அனுப்புவது இந்த நான்கையும் நீங்களே யோசித்து, உங்கள் சொந்த வார்த்தையில் முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் கருவியைக் கேளுங்கள். திருத்தி வந்ததில் உங்கள் கருத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான் இப்போது எதை அனுப்புவதற்கு முன்பும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லாதது இதில் இருக்கிறதா? நான் சொல்ல வேண்டியது விட்டுப்போயிருக்கிறதா? இது யாரைப் பற்றியதோ, அவர் முன்னால் உட்கார்ந்து இதை வாய்விட்டுப் படிக்க என்னால் முடியுமா? மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அத்தா மறைந்து பல வருடமாகிவிட்டது. அவர் கணினியைத் தொட்டதில்லை. ஆனாலும் இந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன் என்று சொல்வேன். எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரிடம் உதவி கேட்க வெட்கப்படவில்லை. எழுதியவரின் கையெழுத்து அழகில் மயங்கவும் இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தாலும், “ஒருமுறை படிச்சுக் காட்டுங்க” என்றார். ஏனென்றால் கடலுக்கு அப்பால் அந்தக் கடிதத்தை நம்பி ஒரு தாய் காத்திருந்தார்.

உங்கள் தாளை நம்பியும் ஒருவர் காத்திருப்பார். கற்றுக்கொள்ளத் தயங்காதீர்கள். நாளைக் காலையே தொடங்குங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மட்டும் ஒருமுறை படியுங்கள்.